கூண்டில் தனியாக நின்றவர்

பிள்ளைகளே, உங்கள் அப்பா ஒரு காலத்தில் போலீஸ்காரனாக இருந்தவன் என்றால் சிரிப்பீர்கள். ஜப்பான்காரன் ஆட்சியின் கடைசி வருடம் அது. வாலிபர்களையெல்லாம் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு. அதற்குப் பயந்துதான், மலாயாவில் சுவா என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த நான் போலீஸில் சேர்ந்தேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. அவர்கள் கொடுத்தது ஒரு தொப்பி, ஒரு தடி.

ஒரு நாள் காலை, ஒரு கைதியை டவுன் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அனுமதியில்லாமல் கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுத்தார் என்று வழக்கு. உப்புக்கு அப்போது அவ்வளவு பஞ்சம். ஸ்டேஷனில் கைவிலங்கு இல்லை. அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கயிற்றால் கட்டி, மறுமுனையை என் இடுப்பில் கட்டிவிட்டார்கள்.

"கைதி ஓடினால் அவனுக்குப் பதில் நீ சயாமுக்குப் போவாய்" என்று ஸ்டேஷன் தலைவர் சொல்லி அனுப்பினார்.

கைதி வேகமாக நடந்தார். நான் பின்னால் தடுமாறிக்கொண்டு போனேன்.

"என்னா தம்பி, யாரு யாரை இழுத்துக்கிட்டுப் போறது?" என்றார்.

"பேசாம நடங்கண்ணே."

"நடக்குறேன் லா. கையைக் கட்டுனா வாயையுமா கட்டணும்?"

மாஜிஸ்திரேட் ஒரு மலாய்க்காரர். பின்வரிசையில் ஜப்பான் அதிகாரி ஒருவர் வாளை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைதியைக் கூண்டில் ஏற்றியதும் மாஜிஸ்திரேட் கயிற்றைப் பார்த்தார். அவிழ்க்கச் சொன்னார். ஓடிவிடுவார் துவான் என்று நான் முணுமுணுத்தேன்.

"தீர்ப்புச் சொல்லும் வரைக்கும் இவர் குற்றவாளி இல்லை. என் முன்னால் யாரும் கட்டோடு நிற்க வேண்டாம். ஓடினால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்" என்றார் அவர் மலாயில். சொல்லும்போது அந்த அதிகாரியைத்தான் பார்த்தார். அந்தக் காலத்தில் அப்படிப் பேசியவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. கைதியின் கையிலிருந்து கயிற்றை அவிழ்த்தேன்; மறுமுனை என் இடுப்பிலேயே இருந்தது.

விசாரணை பாதியில் இருக்கும்போது, வெளியே தொங்கிய தண்டவாளத் துண்டை டண் டண்ணென்று தட்டினார்கள். குண்டு போடும் விமானம் வருகிறது. வாள் வைத்திருந்தவர் உட்பட எல்லோரும் பின்புறத்துப் பதுங்குகுழிக்கு ஓடினோம். முதல் ஆளாகக் குதித்தவன் நான்தான். குதித்த பிறகுதான் பார்த்தேன், என் இடுப்பிலிருந்து கயிறு நீளமாகக் கிடக்கிறது, அதன் முனையில் ஆள் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த மாஜிஸ்திரேட்டும் அதைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. கோர்ட்டுக் கதவு திறந்து கிடக்கிறது. சாலையைத் தாண்டினால் ரப்பர் காடு. என் கதையும் மாஜிஸ்திரேட் கதையும் முடிந்தது என்று நினைத்தேன்.

விமானம் குண்டு போடாமலே கடந்து போயிற்று. விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

கைதி கூண்டிலேயே நின்றார், இரண்டு கையையும் தொங்கவிட்டபடி. அந்தக் கட்டடத்தில் வேறு ஒரு ஈ காக்கை இல்லை.

"ஏண்ணே போகலை?"

"போயிடலாம்னு ஒரு காலை இறக்கத்தான் செஞ்சேன் தம்பி. அந்தத் துவான் நம்பி அவுத்து விட்டாருல்ல. நான் ஓடிட்டா, நாளைக்கு வர்றவன் கையை அவரு அவுப்பாரா?"

மாஜிஸ்திரேட் சொங்கோக் தொப்பியில் மண்ணோடு உள்ளே வந்தார். கூண்டில் ஆள் நிற்பதைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, மீதி விசாரணையை முடித்து, ஒரு மாதச் சிறை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சிறைக்காரர்கள் விலங்கோடு வந்தபோது அண்ணன் தானே கையை நீட்டினார்.

எல்லோரும் போன பிறகு நான் அந்தக் கூண்டில் ஏறினேன். கைகளைத் தொங்கவிட்டு நின்று பார்த்தேன். அப்போது விமானமும் இல்லை, என்னை யாரும் பிடிக்கவும் வரவில்லை. ஆனாலும் என் கால் வாசல் பக்கமே திரும்பியது. அவர் நின்ற மாதிரி நிற்க, இத்தனை வயதாகியும் நான் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.