நின்றபடி தூங்கிய கிரேன் ஆபரேட்டர்

1. லேனில் ஒரு ஹெல்மெட்

கண்டெய்னர் யார்டில் ஆர்டிஜி என்று ஒரு கிரேன் உண்டு. ரப்பர் சக்கரங்களில் ஓடும். பெட்டி அடுக்குகளின் மேலே கால் அகட்டி நின்று, ஒவ்வொன்றாக எடுத்து டிரெய்லரில் வைக்கும். ஓட்டுகிறவரின் கேபின் உச்சியில் தொங்கும். அதன் தரை கண்ணாடி. ஷிப்ட் முழுக்க இரண்டு கால்களுக்கு நடுவே குனிந்து கீழே பார்த்துத்தான் வேலை. தூத்துக்குடி துறைமுகத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக அந்தக் கேபினில் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஜாய்ஸ்டிக் பற்றியும் காற்றடிக்கும்போது பெட்டியைக் கவ்வித் தூக்கும் ஸ்பிரெடர் ஆடுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். தூக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

அன்று எனக்கு பி ஷிப்ட், மதியம் தொடங்கி இரவில் முடிவது. மதிய வெயில் இன்னும் இறங்கவில்லை. நாற்பது அடிப் பெட்டி ஒன்று என் ஸ்பிரெடரில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே டிரெய்லர் ஒன்று லேனுக்குள் வந்துகொண்டிருந்தது. லேனின் நடுவில் ஆரஞ்சு ஹெல்மெட் ஒன்று நின்றது. டிரெய்லர் வந்தால், தரையில் நின்று பெட்டி எண்களைச் சரிபார்க்கும் செக்கர் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். எல்லோரும் போவார்கள். அந்த ஹெல்மெட் போகவில்லை.

பெட்டியை அப்படியே நிறுத்தினேன். ஹார்னை அழுத்திக்கொண்டே வாக்கி டாக்கியில், "லேன் ஸ்டாப், லேன் ஸ்டாப்" என்றேன். டிரெய்லர் பிரேக் அடித்து நின்றது. இடைவெளி ஓர் ஆள் நீளம்கூட இல்லை. ஹெல்மெட் நிமிர்ந்தது. சூசை.

சூசை என்னோடு ஒரே கிரேனில் எட்டு வருடம் வேலை செய்தவர். ஒரு ஷிப்ட்டுக்கு ஒரு கிரேனில் இரண்டு ஆபரேட்டர்கள். பாதி நேரம் ஒருவர், மீதி நேரம் மற்றவர். வருடாந்திர மெடிக்கலில் அவருக்கு பிரஷரும் சுகரும் கூடுதலாக இருந்தன. "வெயிட்ட குறைங்க, எக்சர்சைஸ் பண்ணுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதுவரை தரையில் செக்கர் வேலை. மறுமுறையும் தேறாவிட்டால் கிரேன் அத்தோடு முடிந்தது.

ஷிப்ட் இன்சார்ஜ் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"சூசை, தூங்குனீரா?"

"இல்ல சார். கண்ணு லேசா சொக்கிட்டு."

"நின்னுக்கிட்டேவா? குதிரைதான்வே நின்னுக்கிட்டு ஒறங்கும். இன்னொரு தடவ இப்படி ஆச்சு, மெடிக்கலே வேண்டாம். நேரா கேட்டுல பாஸ் சீட்டு பாக்கப் போட்டுருவேன்."

2. பழுதான மெஷின்

கேண்டீனில் அவரை உட்கார வைத்துக் கேட்டேன்.

"ராத்திரி ஒறங்கலையாவே?"

"ஒறங்காம என்ன. ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போயி, சாப்ட்டுப் படுக்க ஒரு மணி ஆயிட்டு. நாலரைக்கு எந்திச்சேன்."

"எதுக்கு?"

"பீச்சுக்கு. எக்சர்சைஸுக்கு."

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர் பீச் ரோட்டில் விடியற்காலையில் உடற்பயிற்சி நடத்துகிறார். கட்டணம் கிடையாது. எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவர் வைத்திருந்த ஒரே சட்டம்: வராதவர் போட்டோவை, தலைக்கு அடியில் தலையணை வரைந்து, வாட்ஸப் குரூப்பில் போட்டுவிடுவார். சூசை போட்டோ அதுவரை வந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை.

காலையில் ஏ ஷிப்ட் வரும் வாரம் பயிற்சியைப் பாதியில் விட்டு வேலைக்கு ஓடினார். பி ஷிப்ட் வாரம் மூன்றரை மணி நேரம்தான் தூங்கினார். இரவு முழுவதும் சி ஷிப்ட் பார்த்த வாரம் துறைமுக கேட்டிலிருந்து நேராகப் பீச்சுக்கே போனார், சேஃப்டி ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு. அவர் மனைவி ஸ்டெல்லா நாசரேத் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் சீக்கிரம் பஸ் ஏறிவிடுவார். சூசை திரும்பும்போது வீட்டில் ஆள் இருக்காது. ஓடின பசிக்கு ஹோட்டலில் பூரியும் வடையும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா காபியை வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"அண்ணே, வீட்டுல பிரஷர் பாக்கிற மெஷினு வாங்கி வச்சிருக்கோம். ஓட ஆரம்பிச்சப்புறம் பிரஷர் முன்னவிடக் கூடத்தான் காட்டுது. இவுக என்ன செஞ்சாக தெரியுமா? மெஷினு பழுதுன்னு கடையில கொண்டு போயிச் சண்ட போட்டு மாத்திட்டு வந்தாக."

"புது மெஷின் என்ன சொல்லுது?"

"அதுவும் பழுதாம்."

சூசை சிரிக்கவில்லை. "பெறவு என்னளா சொல்லுத? எக்சர்சைஸ விட்டுரவா? டாக்டரம்மா கேட்டா என்ன சொல்ல? எனக்குக் கிரேன விட்டா வேற என்ன தெரியும்?"

நான், மெடிக்கல் முடியும்வரை பயிற்சியை விட்டுவிடலாம் என்றுதான் சொன்னேன். ஸ்டெல்லா இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை.

"விடவும் வேண்டாம், இப்படி ஓடவும் வேண்டாம். மொதல்ல தூங்குற நேரத்தக் குறிச்சு வைங்க. ஏழு மணி நேரம். அதத் தொடக் கூடாது. மிச்சத்துல ஓடுங்க, குதிங்க, என்ன வேணாலும் செய்ங்க."

எங்கள் துறைமுகத்தில் பெர்த் பிளானர் செய்வதும் இதேதான். பெரிய கப்பலுக்கு முதலில் இடம் ஒதுக்குவார். சின்னக் கப்பல்கள் மிச்சமிருக்கும் இடத்தில் கட்டும். வருடக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை.

3. தலையணை போட்டோ

புதிய ஏற்பாடு எளிமையானது. ஏ ஷிப்ட் வாரம் மாலையில் பயிற்சி, இரவு சீக்கிரம் படுக்கை. பி ஷிப்ட் வாரம் வெயில் ஏறிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். வீட்டு மாடியிலேயே ஸ்கிப்பிங், தண்டால். சி ஷிப்ட் முடிந்தால் நேராக வீடு. ஜன்னலில் கறுப்புத் துணி, போன் பக்கத்து அறையில். அந்த வாரம் மாலையில் நடை மட்டும்.

சாப்பாட்டை சூசையே எடுத்துக்கொண்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் திரேஸ்புரத்தில் சாளை மீன் வாங்கி, கழுவி, குழம்பு வைத்து, ஒருவேளைக்கு ஒரு டப்பாவாக ஃப்ரீசரில் வைத்தார். பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் ஊறப்போட்டு அவித்து வைத்தார். வெங்காயம், முருங்கைக்கீரை எல்லாம் ஆய்ந்து தயாராக இருந்தன. சி ஷிப்ட் முடிந்து வந்தால் ஒரு கிண்ணம் பயறும் அவித்த முட்டையும் தின்றுவிட்டுப் படுப்பார். எழுந்ததும் சோறும் சாளைக் குழம்பும். முதல் வாரம் குழம்பில் புளி தூக்கலாக இருந்ததென்று ஸ்டெல்லா ஃப்ரீசர் டப்பாக்களை எனக்குக் கொடுத்தனுப்பினார். நானும் தின்றேன். தூக்கல்தான்.

கஷ்டம் வேறிடத்திலிருந்து வந்தது. குரூப்பில் சூசையின் தலையணை போட்டோ வந்தது. மறுநாளும் வந்தது. யார்டில் டிரெய்லர் டிரைவர்கள்கூட, "அண்ணாச்சி, தலையணை இலவம்பஞ்சா, பருத்திப் பஞ்சா?" என்று கேட்டார்கள். ஒரு வாரம் பொறுத்தவர், மாஸ்டருக்கு போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீய. ராணுவத்துல ராத்திரி முழுக்கக் காவல் நின்னவன, விடிஞ்சதும் ஓடச் சொல்லுவாகளா, ஒறங்கச் சொல்லுவாகளா?"

அந்தப் பக்கத்திலிருந்து, "எந்த ஷிப்ட்டுன்னு நீ மொதல்லயே சொல்லிருக்கணும்லா" என்று மட்டும் கேட்டது. அடுத்த வாரம் குரூப்பில் அறிவிப்பு வந்தது: துறைமுகம், அனல் மின்நிலையம், உப்பளக் கம்பெனிகளில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு மாலையில் தனி பயிற்சி. தலையணை போட்டோ நின்றது.

4. தேதி

மறு மெடிக்கலுக்குக் குறித்த நாள் வந்தது. பார்த்தால், அவருடைய சி ஷிப்ட் முடிகிற அதே காலை. சூசை இன்சார்ஜிடம் தேதி மாற்றிக் கேட்டார்.

"நல்ல நேரம் பாக்கீராவே? மெடிக்கலா, கல்யாணமா?"

"சார், ராத்திரி முழிச்சுட்டுப் போனா பிரஷர் ஏறித்தான் நிக்கும். ஒரு ராத்திரி ஒறங்கிட்டு வாரேன். அதுக்கு மேலயும் கூட இருந்தா, நீங்க எங்க போட்டாலும் போறேன்."

இன்சார்ஜ் முணுமுணுத்தபடி டாக்டரம்மாவுக்கு போன் செய்தார். டாக்டரம்மா உடனே ஒத்துக்கொண்டார். சி ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்கு இனி அன்று காலை மெடிக்கல் போட வேண்டாம் என்றும் சொன்னார். எங்கள் யார்டில் அது இன்றுவரை வழக்கமாக இருக்கிறது.

சூசைக்குப் பிரஷர் வரம்புக்குள் இருந்தது. சுகர் இன்னும் ஓரத்தில்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 'ஃபிட்' என்று எழுதினார்கள். கேண்டீனில் பிரியாணி கேட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். "நாளைக்கு ஏ ஷிப்ட்டுவே. இப்பமே போய்ப் படுக்கணும். பிரியாணி ஞாயித்துக்கிழம, அதுவும் மத்தியானம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உடற்பயிற்சியும் நல்ல சாப்பாடும் தூக்கத்தின் மேல் நிற்பவை. தூக்கத்தை வெட்டி அவற்றுக்குக் கொடுத்தால் மூன்றும் போகும். ஷிப்ட் மாறினால் கடிகாரத்தில் எல்லாமே மாறட்டும், தூங்கும் அளவு மட்டும் மாற வேண்டாம்.

பெட்டியின் மேல் பெட்டி உட்காரும் சத்தத்தை வைத்து, ஓட்டுகிறவர் தூங்கி வந்தவரா இல்லையா என்று சொல்லிவிடலாம். களைத்த கை 'டமார்' என்று போடும். மறுநாள் காலை முதல் பாதி சூசையுடையது. நான் ரெஸ்ட் ரூம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கிரேன் அடுக்கடுக்காகப் பெட்டி வைத்தது. சத்தமே கேட்கவில்லை.