குளியலறைக்கு ஓர் அட்டவணை

தையல் ஆலையில் நான்காவது வரிசைக்கு மேற்பார்வையாளராக இருந்தவருக்கு அங்கே வேலை செய்த பெண்கள் வைத்த பட்டப்பெயர் 'கடிகாரம்'. ஒரு காலர் தைக்க எத்தனை வினாடி, ஒருத்தி எழுந்து போய்த் திரும்பி வர எத்தனை நிமிடம் என்று அட்டையில் குறித்துக்கொண்டே நடப்பார். பட்டப்பெயர் அவர் காதிலும் விழுந்திருந்தது. உள்ளூர அதில் அவருக்குப் பெருமைதான்.

தொற்று பரவி ஆலையை மூடியபோது வீட்டுக்குள் நான்கு பேர் அடைபட்டார்கள். அவர், மனைவி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், கண் அறுவை சிகிச்சைக்கு வந்த இடத்தில் ஊரடங்கில் மாட்டிக்கொண்ட மாமனார். வீட்டில் இரண்டே அறைகள், கழிப்பறையும் சேர்ந்த ஒரே குளியலறை. மனைவி ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகப் படுக்கையறையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மகளுக்குக் கூடத்தில் ஆன்லைன் வகுப்பு.

முதல் வாரத்தைத் தூங்கியே கழித்தார். இரண்டாம் வாரம் கை துறுதுறுத்தது.

"இப்படியே இருந்தா எல்லாருக்கும் மனசு விட்டுப்போயிடும். உற்சாகமா இருக்கணும்னா ஒரு ஒழுங்கு வேணும்" என்று சொல்லி, பெரிய தாளில் அட்டவணை போட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். ஆறரைக்கு உடற்பயிற்சி. மாலை ஐந்துக்குச் 'சிரிப்பு நேரம்', பத்து நிமிடம். குளியலறைக்கு மட்டும் தனிக் கட்டம், ஆளுக்கு இன்ன நேரம் என்று.

"சிரிக்கறதுக்குக்கூட டைமாங்க?" என்றாள் மனைவி.

"போகப் போகப் பழகிடும்."

பழகத்தான் செய்தது. யாராவது கூடுதலாக ஒரு நிமிடம் எடுத்தால் குளியலறைக் கதவில் இரண்டு தட்டு தட்டுவார். வீடு சொன்னபடி கேட்டது. ஆலை மூடினாலும் திறமை மூடிவிடாது என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் ஒரு மதியம், மாமனார் குளியலறைக்கு வெளியே சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். முப்பது வருஷம் ரயில் ஓட்டிய மனிதர். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாக இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. பைஜாமா நனைந்து, தரையில் ஈரம் பரவியது.

"மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை. அடக்கித்தான் பார்த்தேன். முடியல."

மகள் வகுப்பிலிருந்து எழுந்து வந்தாள். "உள்ள யாருமே இல்லையே தாத்தா, போயிருக்கலாமே?"

"எனக்கு மூணு மணின்னு போட்டிருக்கே கண்ணு."

சத்தம் கேட்டு வெளியே வந்த மனைவி அப்பாவைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. துடைக்கும் துணியை எடுக்க அவள் திரும்பியபோது அவர் முந்திக்கொண்டார். "நான் துடைக்கிறேன்."

குனிந்தவருக்கு நிமிர மனம் வரவில்லை. ஆலையில் அவர் வரிசையில் பட்டன் தைக்கும் அக்காவின் முகம் கண்முன் வந்து நின்றது. சர்க்கரை நோய்க்காரி. ஒருநாள் கழிப்பறைக்குப் போக எழுந்து நின்று கேட்டபோது, "போன தடவை போய் ஒரு மணி நேரம்கூட ஆகலையே" என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியிருந்தார். அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியும். தெரியாதவர்போல விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தார்.

அட்டவணையைக் கிழித்துப் போட்டார். ஆனால் மாமனார் இன்னும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் குளியலறைக்குப் போனார். "போகட்டுமா மாப்பிள்ளை?"

"என்கிட்ட கேக்காதீங்க மாமா."

"சரி" என்பார். அடுத்த முறையும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் இவருக்கு முகம் எரியும். இத்தனை நாளும் பயந்துகொண்டு கிழவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தார் என்று மகள்தான் சொன்னாள். அதன் பிறகு மதியங்களில் இவரே டம்ளரைக் கிழவர் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பேச்சு ரயிலுக்குப் போகும். தண்டவாளத்தில் படுத்துக்கொண்டு நகர மாட்டேன் என்ற எருமையின் கதைக்கு ஒருநாள் வீடே சிரித்தது. இவரும் சிரித்தார், தலையைக் குனிந்துகொண்டு.

மூன்று மாதம் கழித்து ஆலை திறந்தது. நேராகப் பட்டன் தைக்கும் அக்காவிடம் போனார்.

"அக்கா, அன்னைக்கு நீங்க எழுந்து கேட்டப்போ நான் விடல. ரொம்பத் தப்பு. மன்னிச்சுக்குங்க."

அவள் யோசித்துப் பார்த்தாள். குத்திக்காட்டுவதற்காக இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"என்னைக்கு சார்?"

அப்படி மறுத்த நாட்கள் எத்தனை என்று அவருக்கே கணக்கில்லை. வரிசையைப் பார்த்துத் திரும்பி, "இனிமே யாரும் என்கிட்ட கேக்க வேண்டாம். எழுந்து போயிட்டு வாங்க" என்றார்.

மதியம்வரை ஒருத்தரும் எழவில்லை. கடைசியில் அந்த அக்காதான் எழுந்தாள். கதவை அடையும்வரை இரண்டு முறை அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.