எடைக்குப் போன என் வணிகப் பத்திரிகைகள்

கல்யாணமான புதிதில் மாமியார் என் பத்திரிகைகளை எடைக்குப் போட்டுவிட்டார்.

எழுபதுகளில் நடந்தது. இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

அப்போது நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் டைப்பிஸ்ட். வயல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக ஷெட் முளைத்துக்கொண்டிருந்த காலம்.

மேனேஜர் அறையைக் காலி செய்தபோது அறுபதுகளின் ஆங்கில வணிக இதழ்களைக் கட்டுக் கட்டாக வெளியே போட்டார்கள். கேட்டு வாங்கிக்கொண்டேன். டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

விட முடியவில்லை.

ஓர் இதழில் ஒரு ஸ்கூட்டர் கம்பெனி, பதிவு செய்தவர்கள் இன்னும் பொறுக்க வேண்டும் என்று கெஞ்சியிருந்தது. (சரக்கு இல்லை என்று சொல்லக் காசு கொடுத்து விளம்பரம்!) ரூபாய் மதிப்பைக் குறைத்த வருஷத்து இதழ்களில் பயம் பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது. அந்தச் சமயத்தில் ரேஷன் கடை வரிசையில் நின்ற சிறுமி நான். ஏன் நின்றேன் என்பது இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

இன்னொன்றில், 'டைப்பிஸ்ட் தேவை, ஆண்கள் மட்டும்'. அதை மட்டும் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

சீர் சாமான்களோடு இதழ்களை அடுக்கிய பெட்டியும் பொன்னேரிக்கு, கணவர் வீட்டுக்கு வந்தது. நெல் விவசாயக் குடும்பம்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து பெட்டியைத் திறந்தால், உள்ளே பச்சைப்பயறு.

எலி வரும் என்று எடைக்குப் போட்டதாக மாமியார் சொன்னார். பிறகு நிதானமாகக் கேட்டார்:

"பொம்பளைக்கு இன்னாத்துக்கும்மா கம்பெனிக்காரன் புக்கு?"

கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

ஸ்டேஷன் அருகே பழைய பேப்பர் கடை. என் கட்டுகள் வாசலிலேயே இருந்தன. கடைக்காரர் தர மறுத்தார்.

"நாஷ்டா கடைக்கு வாக்கு குட்த்துட்டேன்மா. பொட்டலம் மடிக்கப் பேப்பர் இல்லேன்னா அவன் என்னைப் பேஜார் பண்ணிடுவான்."

கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன். எழுந்திருக்க மாட்டேன் என்றேன். கூட்டம் சேர்ந்தது. புதுப்பெண் இப்படி நடுத்தெருவில் உட்காரலாமா என்று ஒருவர் புத்தி சொன்னார். உட்காரலாம் என்றேன்.

மாமியார் சொல்லி, கணவர் சைக்கிளில் வந்தார். இழுத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்று கட்டை இறுகப் பிடித்தேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

(அழவில்லை. அத்தனை பேர் முன்னால் எப்படி அழுவது?)

மறுபடி வந்தபோது கேரியரில் அவர் ஆசையாகச் சேர்த்திருந்த சினிமாப் பத்திரிகைகள் மொத்தமும் இருந்தன.

"எடைக்கு எடை இத்த வெச்சிக்கோப்பா. அத்த அவ கைல குட்த்துடு."

அவருடையவை தராசில் ஏறின. என் இதழ்கள் இறங்கின.

வீட்டு வாசலில் மாமியார் வழிமறித்தார். ஊரே சிரிக்கிறது என்றார். இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டார். நாடு, தொழில், விலைவாசி என்று விளக்கம் சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"எனக்கு வேணும் அத்தே. இனிமே இத்த யாரும் தொடக்கூடாது."

மறுநாளே ஆசாரியை வரவழைத்து, கூடத்தில் இதழ்களை அடுக்கப் பலகை அடிக்கச் சொன்னேன். உள்ளறையில் அடிக்கலாமே என்றார் மாமியார். கூடத்தில்தான் என்றேன். வருகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதானே அடித்தது!

மாமியார் கடைசிவரை அவற்றைப் பாராட்டியதில்லை. தொட்டதுமில்லை. நானும் சேர்ப்பதை நிறுத்தவில்லை.

தோழிகளே, 'இது உனக்கு எதுக்கு?' என்று உங்களிடம் எதைக் காட்டிக் கேட்டார்கள்? பதில் சொல்லிக்கொண்டு நின்றீர்களா, பலகை அடித்தீர்களா?