நெல்லைக் கடித்தேன், வெனீர் உடைந்தது

மகள் கல்யாணத்துக்காக, கறை படிந்த என் முன்பற்களை ராவி, மேலே வெனீர் என்கிற மெல்லிய பீங்கான் ஓடு ஒட்டினார் பல் டாக்டர். எந்த வெள்ளை வேண்டும் என்று மட்டும்தான் கேட்டார்.

அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்துக்குப் போனால், "நெல்லு ஈரம்மா, காயவெச்சு எடுத்துட்டு வாங்க" என்றார் ஊழியர். ஆத்திரத்தில் ஒரு நெல்லை வழக்கம்போல் முன்பல்லில் வைத்துக் கடித்துக் காட்டினேன். காய்ந்த நெல்தான் நறுக்கென்று உடையும்; உடைந்தது. கூடவே பல்லில் ஒட்டிய ஓடும்.

"நெல்லெல்லாம் கடிப்பீங்கன்னு சொல்லலையே?" என்றார் டாக்டர். "நீங்க கேட்டீங்களா?" என்றேன். ராவிய பல் திரும்ப வளராது, காலத்துக்கும் ஓடு மாற்ற வேண்டும் என்பதையும் அன்றுதான் சொன்னார்.

இப்போது நெல்லைக் கடிப்பது என் வீட்டுக்காரர். எந்தப் பல் டாக்டரிடமும், "நான் நெல்லைக் கடிச்சுப் பாக்கிறவ" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் பல் இன்னும் அவர்களுடையது.