கடைக்கார அண்ணி

நாடகக் குழுவில் அவளுக்கு வைத்த பெயர் ‘கடைக்கார அண்ணி’. கடையெல்லாம் ஒன்றும் கிடையாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. ஆனால் புருஷனுடைய நாடகத்துக்கு வேண்டிய ‘சரக்கு’ அவள் கையால்தான் வரும். பால் விடாமல் டீ போட்டு, ஆறவைத்து, வடிகட்டி, பழைய பிராந்தி பாட்டிலில் ஊற்றுவாள். மிச்சத்தைப் பிளாஸ்கில் எடுத்துக்கொள்வாள்.

நாடகத்தில் ஒரே ஆள். மார்க்கெட் போன நடிகன் ஒருவன், பெண்டாட்டியும் விட்டுப் போன பிறகு, மேக்கப் அறையில் தனியாகக் குடித்துக் குடித்துப் புலம்புகிறான். நடிப்பவரும் அப்படிப்பட்டவர்தான். ஒரு காலத்தில் கதாநாயகன், பிறகு கதாநாயகனுக்கு அண்ணன், பிறகு மாமனார், பிறகு குடி. மேடையிலேயே சரிந்து விழுந்து, ஆட்கள் தூக்கி வந்ததெல்லாம் உண்டு. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: “இனிமே ஒரு வாய் உள்ள போனாலும் பழையபடிதாம்மா. அடுத்த தடவை எங்கிட்ட வராதீங்க.”

அப்படிப்பட்டவருக்குக் குடிகார வேஷமா? பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் நாடகம் ஆரம்பித்த நாளிலிருந்து மனுஷன் தொடவில்லை. அவளும் சும்மா இருக்கவில்லை. பாட்டிலைத் தானே மேடையில் வைப்பாள், மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். அதற்கப்புறம்தான் திரை.

நாடகத்தைப் படம் பிடிக்க ஆட்கள் வந்த அன்றும் முகர்ந்துதான் வைத்தாள். ஆனால் கோட்டு கசங்கியிருக்கிறது என்று இஸ்திரி போடக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வருவதற்குள் விளக்கெல்லாம் போட்டு, கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது. மேடையில் பாட்டில் பளபளவென்று இருந்தது. ஆறிய டீ இப்படித் தெளிவாக இருக்காதே என்று நினைத்தாள்.

பக்கத்தில் நின்ற, படக்குழுவில் மேடைச் சாமான் ஏற்பாடு செய்கிறவர் அவள் காதோரம் குனிந்தார். “டீ கேமராவுல கலங்கலா தெரிஞ்சது அண்ணி. ஒரிஜினலே ஊத்திட்டேன். எவ்ளோ பெரிய நடிகரு, அவருக்குப் போய் டீயா?”

அடப்பாவி! கத்தினால் காட்சி கெடும். காட்சி கெட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு கிளாஸை நம்பிக் கொடுக்க முடியாத ஆள் என்று ஊரே பேசும். பிறகு எவன் வேஷம் கொடுப்பான்? கத்தாவிட்டாலோ, அவர் குடிப்பார். யோசித்து முடிப்பதற்குள் அவர் ஊற்றிவிட்டார்.

கிளாஸ் முகத்தருகே போனதும் அவர் கை நின்றது. வாசனை தெரிந்துவிட்டது. “எனக்குன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்” என்ற வசனத்தைச் சொன்னார். கிளாஸ் உதட்டில் பட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் திரைச்சீலையைக் கசக்கிப் பிடித்தாள்.

“அடியே!” என்றார் அவர்.

அது நாடகத்தில் இல்லாத வார்த்தை.

“எங்க போய்த் தொலைஞ்ச? இதை எடுத்துட்டுப் போ. எனக்கு டீ குடு.”

அவளுக்கு நடிக்கவா தெரியும்? பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு செருப்போடு அப்படியே மேடைக்குப் போனாள். அவர் விரல்களிலிருந்து கிளாஸைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றிக் கொடுத்தாள்; பாதி கீழே கொட்டியது. பாட்டிலையும் கிளாஸையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவர் டீயைக் குடித்தார், வழக்கம்போல நாக்குக் குழறினார், கடைசி வரைக்கும் நடித்து முடித்தார்.

முடிந்ததும் படம் எடுப்பவர் தயங்கித் தயங்கி வந்தார். “பிரமாதம் சார். ஆனா ஒரே ஆள் நடிக்கிற நாடகம்னு சொல்லியிருக்கோம். அக்கா வர்ற இடத்தை மட்டும் வெட்டிட்டு, திரும்ப எடுத்துடலாமா? அதே கிளாஸ், அதே வசனம்.”

அவர் கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். சட்டை முழுக்க வேர்வை.

“வெட்டுங்க தம்பி. ஆனா அந்தக் கிளாஸை மறுபடியும் என் கையில குடுக்காதீங்க. இன்னொரு தடவை என்னால முடியாது.”

யாரும் வெட்டவில்லை.