வீடு காட்டியவரே கடனும் காட்டியபோது

இதை எழுதவேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷங்கள் ஓடிவிட்டன. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பதால் பேனா எடுக்கக் கூச்சம். அதோடு, இதில் நான் சொன்ன ஒரு பொய்யும் வருகிறது. ஆனால் எங்கள் அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வருகிறவர்கள் இந்தக் கதையை என் முன்னாலேயே வேறு மாதிரிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். புதிதாக வீடு வாங்கப்போகிற பிள்ளைகளும் வந்து, "தரகர் கூட்டிட்டு வர்ற ஆள்கிட்டயே லோன் எடுக்கலாமாங்க?" என்று கேட்கிறார்கள். வாயால் சொன்னால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறிப்போகிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஹட்டன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டும் ஆபிசும் கூட்டித் துடைக்கிற சிற்றூழியனாக இருந்தேன். அரசாங்கச் சம்பளம். மனைவி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். நாங்கள் இருந்த லயத்துக் காம்பரா, தோட்டம் கொடுத்த அந்த வரிசை வீட்டு அறை, அவள் பேர் பதிவில்தான் எங்களுக்கு இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அவளுக்கு முட்டியில் வலி தொடங்கியது. மேட்டு மலைக்கு ஏறினால் இறங்கும்போது கூடையைப் பிறத்தியாரிடம் கொடுத்துவிட்டு, பின்புறமாகத் திரும்பி இறங்குவாள். அவள் வேலையை விட்டால் வீட்டில் தோட்டத்துப் பேர் ஒன்றும் இராது. காம்பராவைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதற்குமுன் ஒரு வீடு வேண்டும் என்பதுதான் அப்போது எங்கள் ஜெபம் முழுவதும்.

டவுனுக்கு அரை மைல் தள்ளி, ரோட்டோரமாக ஒரு வீடு விற்பனைக்கு இருப்பதாக ஒரு தரகர் வந்து சொன்னார். மூன்று அறை, தகரக் கூரை, பைப் தண்ணீர். முக்கியமாக, படியே இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கினால் வாசல். மனைவி முற்றத்தில் இரண்டு தரம் நடந்து பார்த்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"காசுக்கு யோசிக்காதீங்கண்ணே," என்றார் தரகர். "லோனுக்கும் நம்ம கையில ஆள் இருக்கு. நீங்க எந்தக் கவுண்டர்லயும் போய் நிக்கத் தேவையில்ல. கையெழுத்து மட்டும் போடுங்க."

என் மனைவி சும்மா இருக்கவில்லை. "பொண்ணயும் நீங்களே காட்டுறீங்க, பொருத்தமும் நீங்களே பாக்குறீங்க. நல்லாத்தான் இருக்கு."

"அக்கா, ரெண்டு தரம் பஸ் காசு மிச்சம்தானே!" என்று அவர் சிரித்தார்.

நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு அது பெரிய நிம்மதி. ஒரு ஆபிசுக்குத் தனியாகப் போய் எனக்கு இது வேண்டும் என்று கேட்டுப் பழகாதவன் நான். எங்களுக்கு எப்போதும் நடுவில் ஒருவர் இருப்பார், தோட்டத்துக் கணக்கப்பிள்ளையோ சங்கத் தலைவரோ யாரோ ஒருவர். இப்போது தரகர்.

மனைவியின் சங்கிலியை அடகு வைத்து முற்பணம் கொடுத்தோம். மாதக் கடைசிக்குள் மீதி கொடுக்காவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போகும், முற்பணத்தில் பாதிதான் திரும்பும் என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த நாள் தரகரின் ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, ரப்பர் பட்டி போட்ட பைல். அமைதியான மனிதர். ஒரு தனியார் கம்பெனியில் கடன் எடுத்துத் தருவதாகச் சொல்லி, படிவத்தை அவரே நிரப்பினார். வட்டி எவ்வளவு என்று கேட்டேன், சொன்னார். கூடுதலாகத் தெரிந்தது. வீடென்றால் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். வேறெங்கும் விசாரிக்கவில்லை.

ஏன் விசாரிக்கவில்லை என்றால், தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஆபிஸ் என்றால் ஒரே பாடம்தான்: நம் வீட்டு விஷயம் அங்கே போகக்கூடாது. வெளியில் வீடு வாங்குகிறோம் என்று தோட்டத்து ஆபிசுக்குத் தெரிந்தால் மறுநாளே காம்பராவைப் பற்றிப் பேச்சு வரும். அதனால் லயத்தில் யாருக்கும் மூச்சு விடவில்லை. ஆனால் நான் அதே வாய்ப்பூட்டை ஆஸ்பத்திரி ஆபிசுக்கும் போட்டேன். அதுதான் என் பிழை. இரண்டும் ஒன்றல்ல என்று பதினாலு வருஷம் அங்கே வேலை செய்தும் எனக்கு உறைக்கவில்லை.

சம்பள அத்தாட்சிக் கடிதம் ஒன்று வேண்டும் என்றார் பைல்காரர். அதைத் தரவேண்டியவர் எங்கள் ஆஸ்பத்திரி ஆபிசை நடத்துகிற பிரதம லிகிதர். யாழ்ப்பாணத்து அம்மா. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கே எங்களில் பலர் லீவு கேட்கப் போகமாட்டோம்.

"என்னத்துக்கு?" என்று கேட்டார்.

"தங்கச்சி கல்யாணங்க மிஸ். கொஞ்சம் கடன் எடுக்கணும்."

கடிதத்தை எழுதித் தந்தார். எனக்குத் தங்கச்சியே இல்லை. அது தபசு காலத்து வெள்ளிக்கிழமை. மாலையில் சிலுவைப்பாதைக்குப் போய் முழங்காலில் நின்றபோது ஒவ்வொரு ஸ்தலத்திலும் அந்த இல்லாத தங்கச்சி என் பக்கத்தில் நின்றாள்.

நாலு நாள் கழித்து அந்த அம்மா என்னை ஆபிசில் எல்லோர் முன்னாலும் கூப்பிட்டார்.

"இஞ்ச வாரும். உம்மட தங்கச்சிக்கு எங்கட சின்னப் பரிசு. எல்லாரும் சேர்ந்து எடுத்தனாங்கள்."

ஒரு சுவர் மணிக்கூடு. பூப்போட்ட தாள் சுற்றியிருந்தது. வார்டில் என்னோடு வேலை செய்த ஒருவன், "மச்சான், சாப்பாட்டுக்கு எங்களையும் கூப்பிடுவீங்கதானே?" என்று தோளில் தட்டினான். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் மனைவி தாளைப் பிரித்தாள். "யாரு கொடுத்தா?"

சொன்னேன். அவள் மணிக்கூட்டைத் தூக்கி மேசையில் வைத்தாள். பிறகு, "பொண்ணு எப்படி, அழகா இருக்காளா உங்க தங்கச்சி?" என்றாள். சிரிப்பு வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "மொதல்ல போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க. இத மாட்டுன வீட்ல நான் ஜெபமாலை சொல்லமாட்டேன்."

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். ஆனால் அவர் சொல்லித்தான் போனேன் என்று எழுதமாட்டேன். மனைவி சொல்லித்தான் போனேன்.

மணிக்கூட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆபிசில் ஆள் குறையும் நேரம் பார்த்துப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உமக்கு விசரே? வீடு வாங்கிறது களவே, ஒளிச்சுச் செய்ய?"

"ஆபிசுக்குத் தெரிஞ்சா..."

"தெரிஞ்சா என்ன, நான் உம்மைக் கடிச்சுப் போடுவனே? அரசாங்க உத்தியோகத்தருக்கு வீட்டுக் கடன் இருக்கு. வட்டி குறைவு. அதுக்குரிய படிவம் இந்த லாச்சிக்குள்ளதான் கிடக்கு. நீர் ஒரு நாள் வந்து கேட்டிருந்தா எடுத்துத் தந்திருப்பன்."

மேசை லாச்சியை இழுத்துக் காட்டினார். படிவங்கள் ஒரு கட்டாக இருந்தன. நான் தினமும் கூட்டித் துடைத்த மேசை அது.

வட்டியை எழுதிப் பார்த்தோம். பைல்காரர் சொன்னதில் பாதி கூட இல்லை. ஆனால் வீட்டு உறுதிப் பத்திரம் பார்த்து, நில அளவைப் படம் பார்த்து, படிவம் கொழும்புக்குப் போய்த் திரும்பிவர மூன்று மாதமாவது ஆகும் என்றார். எனக்கு இருந்தது பன்னிரண்டு நாள். மணிக்கூட்டை அவர் திருப்பி வாங்கவில்லை. "வைச்சிரும். புது வீட்டுக் குடிபூரலுக்கு எண்டு நினைச்சுக்கொள்ளும்."

அன்று மாலையே பைல்காரரைக் கடைத்தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் பிடித்தேன். அவரிடம் முதல் நாளே கேட்டிருக்கவேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"உங்களுக்கு யாருங்க காசு தர்றது?"

அவர் மழுப்பவில்லை. "கம்பெனி தருது. அதுல கொஞ்சம் தரகருக்குப் போகும். நீங்க எங்கிட்ட எடுத்தாத்தான் எனக்கு."

"அரசாங்க லோன் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நீங்க கேக்கல, நான் சொல்லல." கோப்பையைக் கீழே வைத்தார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனான்னு கேட்டீங்கன்னா, அது தெரியலண்ணே. ஆனா ஒண்ணு. நான்னா பத்து நாள்ல காசு. அவங்க மூணு மாசம். அதுவும் உண்மைதான்."

தரகர் மூலம் மாதக் கடைசியைத் தள்ளிப்போடக் கேட்டோம். வீட்டுக்கார நோனா முடியாது என்றுவிட்டதாகச் சொன்னார். நாங்களே நேரில் போய் அந்த அம்மாவிடம் சிங்களத்தில் கேட்டோம். அவரும் அதையேதான் சொன்னார். மகளோடு இருக்க அவர் கண்டிக்குப் போகவேண்டியிருந்தது. தரகர் அந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது மனைவி அந்த வீட்டுக் கேட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னாள்.

"ரெட்டை வட்டி கட்டுனா பிள்ளைங்க படிப்ப நிப்பாட்டணும். வேணாம். முட்டி இன்னும் ஒரு வருஷம் தாங்கும்."

"தாங்குமா?"

"நீங்களா மலையேறப் போறீங்க? நான்தானே. தாங்கும்னா தாங்கும்."

அந்த வீடு போனது. முற்பணத்தில் பாதியும் போனது. அவள் மறுநாள் காலையில் மலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தாள். ஒரு வருஷம் என்றது இரண்டரை வருஷமானது. முதலில் பார்த்த இரண்டு இடங்களுக்கு உறுதி சரியில்லை என்று கடன் கிடைக்கவில்லை. மூன்றாவது கிடைத்தது, நானுஓயா பக்கம். குறைந்த வட்டி, சுத்தமான உறுதி. ரோட்டிலிருந்து வாசலுக்கு இருபத்தாறு படி இறங்கவேண்டும். மணிக்கூட்டை முன்னறையில் மாட்டினோம். அவள் அதன்கீழ் இருந்துதான் ஜெபமாலை சொல்கிறாள், நாற்காலியில். முழங்காலில் நிற்க முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போக அந்தப் படிகளில் நான் பிடித்து ஏற்றவேண்டும்.

ரோட்டோர வீட்டை எங்கள் ஆஸ்பத்திரி டிரைவர் ஒருவர் அதே பைல்காரரிடம் கடனெடுத்து வாங்கினார். பல வருஷம் கஷ்டப்பட்டார். ஒருமுறை நான் அதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "வட்டி கட்டினேன்தான். ஆனா எங்க அம்மா அந்த வீட்லதான் கண்ணை மூடினாங்க, லயத்துல இல்ல," என்றார்.

கோயிலில் சொல்கிற கதையில், அந்தோனியார் என்னைக் கள்ளத் தரகரிடமிருந்து காப்பாற்றினார் என்று வருகிறது. அந்தோனியாருக்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன், அது எனக்கும் அவருக்கும் உள்ளது. ஆனால் தரகர் கள்ளன் அல்ல. பைல்காரரும் அல்ல. அவர்கள் தங்கள் பிழைப்பைப் பார்த்தார்கள். நான் என் ஆபிசில், நான் துடைக்கிற மேசையில் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தேன். அவர்களிடம் கடன் எடுக்கலாமா கூடாதா என்று கேட்கிற பிள்ளைகளுக்கு என்னால் ஒன்றுதான் சொல்ல முடியும்: அவருக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள், கேட்டுவிட்டு, உங்கள் வேலைத்தலத்திலும் போய்க் கேளுங்கள். அதன்பிறகு எது என்று நீங்களே முடிவெடுங்கள்.

இதைப் படிக்கிறவர்கள் வேண்டியவர்களுக்குச் சொல்லுங்கள். தயவுசெய்து உள்ளபடியே சொல்லுங்கள். தரகரைக் கள்ளனாக்க வேண்டாம். இல்லாத தங்கச்சியை மறைக்கவும் வேண்டாம். குறைந்த வட்டி கிடைத்தது என்று சொல்லும்போது, அந்த இரண்டரை வருஷம் யார் மலையேறினார்கள் என்பதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.