கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற டிரைவர்

1. ஆறு தையல்

காரை லாரி பின்னால் வந்து இடித்த அன்று கேஷுவாலிட்டி டியூட்டியில் நான் ஒருத்திதான் இருந்தேன். டாக்டர் மாடி வார்டில் ரவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். ராயபுரத்தில் துறைமுகச் சாலையை ஒட்டிய இருபது படுக்கை ஆஸ்பத்திரி அது. ஐம்பதுகளின் தொடக்கம். பயிற்சி முடித்து ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூட்டை விழுந்து நசுங்கிய கால், கம்பி கிழித்த கை எல்லாம் பார்த்தாகிவிட்டது. எனக்குத் தெரியாத காயம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

வந்தவர்கள் இரண்டு பேர். பின் சீட்டில் இருந்தவர் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சி. எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். கல்மண்டபத்தில் என் அப்பாவின் மளிகைக் கடைக்கு எதிரில் சரக்குக் கிட்டங்கி வைத்திருந்தார். மற்றவர் அவருடைய டிரைவர் தேவராஜ். திருவொற்றியூர் ஹைரோட்டில் மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வர, தேவராஜ் பிரேக் போட்டிருக்கிறார். பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. அண்ணாச்சியின் நெற்றி முன் சீட்டுக் கம்பியில் மோதிக் கிழிந்துவிட்டது. வேட்டி வரைக்கும் ரத்தம்.

“எம்மா, ரத்தம் நிக்க மாட்டேங்குதே, பொழைச்சிருவேனா?” என்று அண்ணாச்சி திரும்பத் திரும்பக் கேட்டார். அவரைப் படுக்க வைத்து, பஞ்சு அழுத்தி, டாக்டரை வரவழைத்தேன். தேவராஜ் கதவோரம் நின்றிருந்தார். மேலே ஒரு கீறல் இல்லை. ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு எப்படி என்று கேட்டதற்கு, “எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். மொதலாளியப் பாருங்க” என்றார்.

அன்று ஆயா லீவு. டாக்டர் தையல் போடும்போது கிட்னி டிரேயைப் பிடித்துக்கொள்ளும்படி தேவராஜிடம் சொன்னேன். பிடித்தார். இரண்டாவது தையலிலேயே டிரே கை நழுவி விழுந்து, கத்தரிக்கோல், ஊசி எல்லாம் தரையில் உருண்டன. ரத்தத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று எண்ணி, இவ்வளவு பெரிய ஆள் இப்படியா என்று கடிந்துகொண்டேன். அவர், “பயம் இல்ல சிஸ்டர். கைதான் மதமதன்னு கீது” என்றார்.

அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. ஆனால் நான் அப்போது புது ஊசி தேடிக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சிக்கு ஆறு தையல். கிளம்பும்போது தேவராஜைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினார். கழுத்து கொஞ்சம் பிடித்த மாதிரி இருக்கிறது என்றார். “ஒண்ணுமில்ல, சுளுக்குதான். வெந்நீர் ஒத்தடம் கொடுங்க” என்று சொல்லி இரண்டு மாத்திரை கொடுத்தேன். டாக்டர் அவரைப் பார்க்கவே இல்லை. பார்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஓ.பி. சீட்டுகூட எழுதவில்லை.

2. மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் மத்தியானம் தேவராஜை ரிக்‌ஷாவில் வைத்து அவர் மனைவி அஞ்சலை கொண்டுவந்தாள். வியாசர்பாடியில் குடியிருந்தார்கள். அவள் ஒரு மில்லில் வேலை செய்துகொண்டிருந்தாள். புருஷனின் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்திருந்தாள். அது அவராக வைத்த கை இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது.

இரண்டு நாளும் ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். வலி ஏறிக்கொண்டே போயிருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் குஸ்தி வாத்தியார் ஏழுமலையிடம் போயிருக்கிறார்கள். ராயபுரத்தில் தாலீம்கானா வைத்துக் குஸ்தி சொல்லிக் கொடுப்பவர் அவர். எலும்பு விலகினாலும் சுளுக்கு விழுந்தாலும் துறைமுக ஆட்கள் முதலில் போவது அவரிடம்தான்.

“வாத்தியாரு தலையைப் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்தாரு சிஸ்டர். இது ‘அம்மா’ன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. அதோட கை வரல. காலும் இழுத்துகினு நடக்குது” என்றாள் அஞ்சலை.

டாக்டர் யுத்த காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். தேவராஜை அசைக்கவே விடவில்லை. ரிக்‌ஷாவிலிருந்து நான்கு பேர் பலகையில் இறக்கினோம். தலையை டாக்டரே பிடித்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எக்ஸ்ரேயில் கழுத்து எலும்பு ஒன்று உடைந்து இடம் பிசகியிருந்தது. உள்ளே ஓடும் நரம்புத் தண்டில் அடி.

ஆம்புலன்ஸ் போன பிறகு, அன்றைக்கு நீ என்ன பார்த்தாய் என்று டாக்டர் என்னைக் கேட்டார். பிடரியில் கை வைத்திருந்தது, டிரே விழுந்தது, மதமதப்பு என்று சொன்னது, உடம்போடு திரும்பியது, எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவையும் பார்த்திருக்கிறேன். பார்த்ததை ஒன்றோடொன்று சேர்க்கவில்லை. டாக்டர் திட்டவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.

3. தாலீம்கானா

என் தப்பைவிட வாத்தியாரின் தப்புதான் பெரிது என்று எனக்குள் ஒரு கோபம் இருந்தது. டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு தாலீம்கானாவுக்குப் போனேன். ஏழுமலை வாத்தியார் ஐம்பது வயதுக்காரர். குஸ்திக் குழியின் மண்ணை மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தார். நல்லா இருந்த ஆளின் கழுத்தை இழுத்துக் கையை முடக்கிவிட்டீர்களே, இனி யார் கழுத்திலும் கை வைக்காதீர்கள் என்று படபடவென்று சொன்னேன்.

அவர் முழுசாகக் கேட்டார். மண்வெட்டியை ஓரமாகச் சாத்திவிட்டு வந்தார்.

“அவன் மொதல்ல உங்கைலதானம்மா வந்தான்? நீ இன்னா சொல்லி அனுப்புனே?”

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

“எலும்பு மேல கைய வெச்சப்போ துள்ளுனான். சதை வலின்னா அப்பிடித் துள்ள மாட்டான். எனக்கு டவுட்டு வந்துச்சு. ஆஸ்பத்திரில காட்டுனியாடான்னு கேட்டேன். சிஸ்டரு சுளுக்குன்னு சொல்லிச்சுன்னான். படிச்சவங்களே சொல்லிட்டாங்களேன்னு இழுத்தேன்.”

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தேன். பிறகு சதை வலியையும் எலும்பு வலியையும் விரலால் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். தன் பிடரியில் நடு வரிசை எலும்பைத் தொட்டுக் காட்டினார். பக்கத்தில் அழுத்தினால் வலிப்பது வேறு, நடுவில் எலும்பின் மேல் லேசாகத் தொட்டாலே வலிப்பது வேறு என்றார். நான் மதமதப்பைப் பற்றியும், பிடி தளர்வதைப் பற்றியும், அடிபட்ட அன்று தெரியாமல் மறுநாள் வலி ஏறலாம் என்பதையும் சொன்னேன். கார், லாரி இடித்து வரும் ஆள் யாராக இருந்தாலும் கழுத்தைத் தொடாமல் எங்களிடம் அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குத் திரும்பினார்.

4. கதவுப் பலகை

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை வேளை. ஆஸ்பத்திரி வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஒரு கைவண்டி வந்துகொண்டிருந்தது. அதன்மேல் கழற்றி எடுத்த ஒரு கதவு. கதவின்மேல் மல்லாந்தபடி ஒரு ஆள். அவர் தலைக்கு இரண்டு பக்கமும் குழி மண்ணை நிரப்பிய கோணிப்பைகள். நெற்றியைக் குறுக்கே வேட்டித் துணியால் கதவோடு சேர்த்துக் கட்டியிருந்தது. முன்னால் நடந்து வந்த ஏழுமலை வாத்தியார், பள்ளம் வரும்போதெல்லாம் கையைத் தூக்கி வண்டியை நிறுத்திப் பிறகு மெதுவாக ஏற்றச் சொன்னார். ஆட்கள் கூடவே சிரித்துக்கொண்டு வந்தார்கள். காரணம் இருந்தது. படுத்திருந்தவர் தன் காலால் நடந்து தாலீம்கானாவுக்கு வந்தவர்.

அவர் பெயர் சாமுவேல், எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். கம்பெனி கார் மழையில் சறுக்கிப் பனைமரத்தில் மோதியிருக்கிறது. கூட வந்த இருவருக்குக் கை கால் சிராய்ப்பு. இவருக்கு ஒன்றுமில்லை, கழுத்து மட்டும் பிடிப்பு. சுளுக்கு எடுக்கலாம் என்று வந்த மனிதரைக் கதவில் படுக்க வைத்துக் கட்டியதில் கடும் கோபத்தில் இருந்தார்.

“இன்னாம்மா, நீயே கேளு. சுண்டுவிரலு மரத்துப் போயிக்கீது. நட்ட நடு எலும்புல வலி. நான் தொடல” என்றார் வாத்தியார்.

சாமுவேலின் கைகளில் என் விரல்களைக் கொடுத்து இறுக்கச் சொன்னேன். இடது பிடி முழுசாக இருந்தது. வலது பிடி பாதிதான். கதவோடு அப்படியே உள்ளே கொண்டுபோனோம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, முடிச்சு எதையும் அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லி அந்தக் கதவோடேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கழுத்து எலும்பில் உடைவு இருந்தது, பிசகவில்லை. மாவுக்கட்டுக் காலர் போட்டுச் சில மாதம் இருந்தார். பிறகு வேலைக்குப் போனார். அப்படிக் கதவில்லாமல் போன தாலீம்கானாவுக்குப் புதுக் கதவு செய்து கொடுத்தது அவர்தான்.

5. கற்றது

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். கார் விபத்து என்று யார் வந்தாலும், ரத்தத்தை அழுத்திப் பிடிக்க ஒருவரை விட்டுவிட்டு, நின்றுகொண்டிருப்பவரிடம் முதலில் போவேன். நடக்க விடாமல் படுக்க வைப்பேன். தலையைத் திருப்பிக் காட்டு என்று கேட்க மாட்டேன். கழுத்தின் நடுவில் வலிக்கிறதா, விரலில் மதமதப்பு உண்டா என்று கேட்பேன். இரண்டு கையாலும் என் விரலை இறுக்கச் சொல்வேன். எல்லாவற்றையும் சீட்டில் எழுதி டாக்டர் கையில் கொடுப்பேன். பாதிப் பேருக்கு மேல் வெறும் பிடிப்பாகவே இருந்தது. வீண் வேலை என்று சிலர் சலித்துக்கொண்டார்கள்.

தேவராஜுக்குக் கால் சரியானது. வலது கை ஸ்டியரிங் பிடிக்கும் அளவுக்குத் திரும்பவில்லை. அண்ணாச்சி அவரைக் கிட்டங்கியில் வாட்ச்மேனாக வைத்துக்கொண்டார். நான் அவரிடம் போய், அன்று நான் பார்த்தும் விட்டுவிட்டேன் என்று ஒருமுறை சொன்னேன். “வுடு சிஸ்டர், உனுக்கு இன்னா தெரியும்” என்றார். மன்னித்தாரா, குத்திக் காட்டினாரா என்று தெரியவில்லை.

அஞ்சலை அடுத்த பிரசவத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாள். என்னைப் பார்த்ததும் வேறு சிஸ்டர் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்று ஆயாவிடம் சொல்லியிருக்கிறாள். அவள் கேட்டது நியாயம். வேறு ஒருத்தியை அனுப்பிவிட்டு, நான் கதவுக்கு வெளியே நின்று குழந்தை அழுகிற சத்தம் கேட்ட பிறகு அங்கிருந்து போனேன்.

ஒண்ணுமில்லை என்று நோயாளி சொல்லலாம். தொட்டுப் பார்க்காமல் நர்ஸ் சொல்லக் கூடாது.